படிக்கட்டுக்கு அடியில் பெட்ரோல் வாசனை

தெருவில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையில் நரம்பைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுப்பாள். வெயில் ஏறுவதற்குள் குப்பிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வலி தெரியாமல் ஊசி குத்துவதில் கெட்டிக்காரி. "அந்தம்மா வந்தா வரட்டும், இல்லைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கையை மடக்கிக்கொள்கிற பெரியவர்கள் சிலர் உண்டு.

வீட்டுக்குள் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது: ஃபயர் சர்வீஸ். அதற்குக் காரணம் அவளே தேடிக்கொண்டதுதான். சில வருஷங்களுக்கு முன்னால், கேஸ் வாசனை வருகிறது என்று அலறி, மூன்று மாடிக் குடித்தனங்களையும் தெருவுக்கு இறக்கிவிட்டாள். தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த மேல்வீட்டுக்காரி சோப்பு நுரையோடு வந்து நின்றாள். கடைசியில் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் விழுந்து அழுகிக் கிடந்த முட்டைக்கோஸ். அன்றிலிருந்து அவள் மூக்கைச் சுளித்தாலே போதும், "இறங்கணுமா?" என்று மகள் செருப்பைத் தேடுவதுபோல் நடிப்பாள்.

பழைய ஸ்கூட்டர் மேட்டுத் தெருக்களில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது என்றுதான் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். நாற்பதைத் தாண்டிய பெண் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து ஓட்டுவதை முதல் வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது. கரும்பச்சை வண்டி. கண்ணாடிக் காம்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் இன்னும் பிரிக்கவில்லை. மழையில் நனையக் கூடாது, எவனும் கீறிவிடக் கூடாது என்று கட்டடத்தின் கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற ஒடுக்கமான நடையில் கொண்டுவந்து நிறுத்துவாள். மேலே இருக்கிற எல்லோருக்கும் போக வர அந்த ஒரே வழிதான். எல்லா வீட்டு மின்சார மீட்டர்களும் அதே நடையில்தான், ஒரு மரப்பெட்டிக்குள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்.

வாசனை முதலில் வந்தது ஒரு மத்தியான வேளையில். சாப்பாட்டை இறக்கி வைத்துவிட்டுக் குப்பையைக் கொட்டக் கீழே போனவள், நடையில் கால் வைத்ததுமே நின்றுவிட்டாள். பெட்ரோல். குனிந்து பார்த்தாள், தரையில் எதுவும் இல்லை. டேங்க்கைச் சுற்றி விரலால் தடவினாள்; காய்ந்துதான் இருந்தது.

கணவனிடம் சொன்னாள். அவன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறவன்; ஊர் எழுவதற்கு முன்னால் போய், மத்தியானம் வந்து படுப்பவன். அரைத்தூக்கத்தில் இறங்கி வந்து முகர்ந்து பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"நல்லா மோந்து பாருங்க."

"நாள் பூரா ஸ்பிரிட்டுல கையை முக்கி எடுக்கிறே. உன் விரலை மூக்குக்கிட்ட கொண்டுபோனா பெட்ரோல் பங்க்கே வாசம் வரும்." சொல்லிவிட்டுக் கொட்டாவியோடு மேலே போனவன் அதையே தன் அப்பாவிடமும் சொல்ல, சோபாவில் இருந்த மாமனாரும் சேர்ந்து சிரித்தார்.

அவன் சொன்னது அவள் மனசில் தைத்தது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து, மறுபடியும் கழுவினாள். ஒருவேளை தனக்குத்தான் ஏதாவது கோளாறோ? சில நாள் வாசனையே இருக்காது. 'அப்பாடா' என்று இருக்கும். இன்னொரு நாள், தூர ரவுண்டுக்காக டேங்க் நிரப்பி வந்த மத்தியானம், மறுபடியும் வரும். வண்டி ஓட்டும்போதும் நிம்மதி போயிற்று. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என்ஜினை அணைத்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எட்டிப் பார்ப்பாள். கொதிக்கிற என்ஜின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று மனசு தானாகவே படம் போட்டுக் காட்டும். தோளில் தொங்குகிற பெட்டியில் பத்து வீட்டு ரத்தம். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான்.

வண்டி வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனாள். சர்வீஸ் பொறுப்பாளர் மரியாதையான இளைஞன்தான். வண்டியை உயர்த்தி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எங்கேயும் ஈரம் இல்லையே மேடம்" என்றான். "ஃபுல் டேங்க் போட்டா வெயிலுக்குக் கொஞ்சம் விரிஞ்சு மூடி வழியா வாசனை வரும். எல்லா வண்டியிலயும் உள்ளதுதான். பாதியோட நிறுத்திக்குங்க." அடுத்த தடவை போனபோதும் அதையேதான் சொன்னான். காலை ரவுண்டு முடித்துவிட்டுப் போவதால் அப்போதெல்லாம் டேங்க்கில் பாதிதான் இருந்தது. அது முக்கியம் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டு, திரும்பியதும் பக்கத்தில் இருந்தவனிடம் அவன் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளைப் பற்றியே சிரித்தார்களா என்பது யாருக்குத் தெரியும். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, இவள் மட்டும் கதவுப் பக்கமாக மூக்கை வைத்துக்கொண்டு இருப்பாள். படி இறங்கும்போது மீட்டர் பெட்டியில் 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நின்று முகர்ந்து பார்ப்பாள். மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைத் தாழ்போட்டுக்கொண்டால், "சும்மா சாத்திக்கோ, தாழ்ப்பாள் எதுக்கு?" என்பாள். காரணம் கேட்டால் சொல்ல முடியாது.

ஒரு நாள், அடுத்த நாள் ரவுண்டு ஊருக்கு வெளியே என்பதால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். பாதியோடு நிறுத்தத்தான் நினைத்தாள். பாதியைக் கொண்டு அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது. வண்டியை நடையில் விட்டுவிட்டு, மருந்து வாங்கத் தெருமுனைக் கடைக்கு நடந்தாள். கடையைத் தாண்டி, பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கின் சுவரோரம், கொளுத்துகிற வெயிலில் ஒருவர் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தார். கூன் விழுந்த முதுகு. அந்த வெயிலிலும் கழற்றாத பழுப்பு ஸ்வெட்டர்.

மாமனார்.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். சிகரெட்டை விட்டாயிற்று என்று மகன் தலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணியவர். முட்டி வலி என்று சோபாவிலிருந்து எழுந்திருக்கவே முனகுகிறவர்.

அவளைப் பார்த்ததும் அவர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவருடைய தோளுக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"மாமா! என்ன இது?"

"ஒண்ணே ஒண்ணும்மா. அவன்கிட்ட சொல்லிடாதே."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்து... மயக்கம் போட்டு விழுந்திருந்தா?"

"நான் என்ன ஆசைப்பட்டா வர்றேன்?" என்றார் அவர், மாட்டிக்கொண்ட எரிச்சலில். "முன்னெல்லாம் படிக்கட்டுக்குக் கீழேயே உக்காந்து குடிச்சிட்டு ஏறிடுவேன். இப்போ அங்கே பெட்ரோல் நாத்தம் குடலைப் புரட்டுது. அங்கே உக்காந்து எவனாவது தீக்குச்சி உரசுவானா?"

அவள் அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் கோபம் பிடித்துக்கொண்டது.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"கொஞ்ச நாளாவே..."

"நான் தொண்டை கிழியக் கத்தினேனே! உங்க பிள்ளை என்னைக் கேலி பண்ணும்போது நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களே மாமா!"

"எனக்கும் வாசனை வருதுன்னு சொன்னா, உங்களுக்குப் படிக்கட்டுக்குக் கீழே என்ன வேலைன்னு அவன் கேக்க மாட்டானா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "தப்புதான்மா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டி இந்த நிமிஷம் நடையில் நிற்கிறது, டேங்க் நிறைய. மேலே மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், கணவன் அயர்ந்து தூங்குகிறான். மருந்துச் சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் அவர் சிகரெட்டை மண்ணில் போட்டு மிதித்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

நடைக்குள் நுழைந்தபோது வாசனை முகத்தில் அடித்தது. என்ஜினுக்கு அடியில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. வெளிச்சம் போதவில்லை, விளக்கு சுவிட்சுக்குப் போன கையைச் சடாரென்று இழுத்துக்கொண்டாள். இருட்டிலேயே ஸ்டாண்டை எடுத்து, வண்டியைப் பின்னுக்குத் தள்ளினாள். வாசற்படியில் சக்கரம் முட்டிக்கொண்டது. மாமனார் வந்து சேர்ந்து, முட்டியை மறந்து, பின்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தார். மேல்வீட்டுக்காரி படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கேயே நில்லுங்க! லைட்டைப் போடாதீங்க!" என்று அவள் கத்திய கத்தலில், அந்தம்மா மறுபேச்சுப் பேசாமல் நின்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வாசனை மாடி வரைக்கும் ஏறியிருந்தது.

தெருவுக்கு வந்து, யாரும் இல்லாத சுவரோரமாக வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பி வந்து நடையின் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

மறுநாள் ரவுண்டுக்கு லீவு சொன்னாள்; வண்டியை ஓட்டவில்லை. ஒரு குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள். மாமனாரும் கூட வந்தார், யாரும் கூப்பிடவில்லை. சர்வீஸ் பொறுப்பாளர் மறுபடியும் விளக்கடித்துப் பார்த்து, "காய்ஞ்சுதான் இருக்கு..." என்று ஆரம்பித்தான்.

"டேங்க்கை நிரப்புங்க. வெயில்ல நிறுத்துங்க. நான் இங்கேதான் உக்காந்திருப்பேன்" என்றாள்.

"மேடம், நேத்து வழிஞ்சது மூடி சரியா..."

"தம்பி," என்றார் மாமனார். "நான் திருட்டு சிகரெட் குடிக்கிறவன். டாக்டர் சொல்லி விடாததை, என் பிள்ளை சொல்லி விடாததை, உங்க வண்டியைப் பார்த்து பயந்து அந்த இடத்துல விட்டிருக்கேன். நிரப்பு."

நிரப்பினார்கள். இரண்டு பேரும் தகரக் கொட்டகையின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. டேங்க்குக்கு அடியே விரித்த அட்டை வெள்ளையாகவே கிடந்தது. சொட்டாமல் போய்விட்டால்? மறுபடியும் வீட்டுக்கு எடுத்துப் போ என்பார்களே. எடுத்துப் போய் எங்கே நிறுத்துவது? ஒழுகாதே என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்டவள், இப்போது ஒழுகித் தொலையேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஒருவர் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, போகிற போக்கில் குனிந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டார். "அண்ணே, இங்கே வாங்க" என்று பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

சீட்டுக்கு முன்னால், பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், டேங்க்கின் மேல்பாதியில் தகடும் தகடும் சேர்கிற பற்றவைப்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அவ்வளவு உயரத்துக்குப் பெட்ரோல் இருந்தால்தான் எட்டும். சூட்டில்தான் வாய் திறக்கும். பாதி டேங்க்கோடு வந்தால் எவன் பார்த்தாலும் காய்ந்துதான் இருக்கும். அங்கிருந்து சட்டத்தின் வழியாகவே ஓடி, என்ஜினை ஒட்டிக் கீழே சொட்டியிருக்கிறது.

இளைஞனின் முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம்" என்றான். அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் என்று எவ்வளவோ இருந்தது. "முதல்ல பெட்ரோலை வடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

புது டேங்க் வந்து சேரும் வரைக்கும் பஸ்ஸில் அலைந்தாள். கணவன் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான். மூன்றாம் நாள் பேக்கரியிலிருந்து சூடாக ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "உன் பேச்சை அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றான். பிறகு கேட்டான்: "ஆமா, அப்பாவுக்கு மட்டும் எப்படி வாசனை தெரிஞ்சுது?"

சோபாவில் மாமனார் விரித்திருந்த செய்தித்தாள் அசையாமல் நின்றது.

"அவருக்கும் மூக்கு இருக்குல்ல" என்றாள். அதற்கு விலையாக அவருடைய சட்டைப் பை தினமும் சோதனைக்கு உள்ளாகும் என்று ஏற்கெனவே அவரிடம் தனியாகப் பேசி முடித்திருந்தாள்.

புது டேங்க்கில் இதுவரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வண்டியை மட்டும் அவள் நடைக்குள் ஏற்றுவதில்லை. வெளியில், விளக்குக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவைக்கிறாள். மழை பெய்தால் நனைகிறது. தெருவில் இரும்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், எவனாவது பூட்டை உடைக்கிறானோ என்று.