கிழமை கேட்கும் முருகையா

“பேரு அப்பறம் சொல்லுங்க சயா. மொதல்ல கெழமை சொல்லுங்க.”

யாங்கோன் நகரின் நடுவில், சூலே பயாவுக்கு எதிரே உள்ள நடைமேம்பாலத்தின் படிக்கட்டடியில் நின்றுகொண்டு, சாயங்காலம் நான்கு மணிக்கு ஊர் சுற்றிக் காட்டும் முருகையா இப்படித்தான் ஆரம்பிக்கிறார். பயா என்றால் இங்கே புத்தர் கோயில், சயா என்றால் ஐயா. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் ஜெர்மன்காரரானாலும் சரி, காரைக்குடி ஆச்சியானாலும் சரி, பிறந்த கிழமையைச் சொல்லாமல் ஓர் அடி நகர முடியாது. தெரியாதவர்களிடம் பிறந்த தேதியைக் கேட்டு, கண்ணை மூடி, விரலை மடக்கி, அரை நிமிஷத்தில் அவரே கிழமையைச் சொல்லிவிடுவார். முதல் தடவை என்னிடம் கேட்டபோது, “நட்சத்திரம் தெரியும், கிழமையெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்று சிடுசிடுத்தேன். “நட்சத்திரம் ஒங்க ஊர்ல வச்சுக்குங்க. இங்க கெழமை இல்லாம பயாவுல தண்ணி ஊத்த முடியாது” என்றார். நான் சனிக்கிழமை பிறந்தவன் என்பதை என் நாற்பத்தெட்டாவது வயதில் இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் விருதுநகரில் உளுந்து வியாபாரம் செய்பவன். வருஷத்துக்கு இரண்டு முறை சரக்குப் பார்க்க இங்கே வருகிறேன். பகலெல்லாம் பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்தைக் கையில் அள்ளி, ஊதி, கடித்துப் பார்ப்பதில் போய்விடும். சாயங்காலம் என்ன செய்வது? எட்டு வருஷமாக ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மாலை இவர் பின்னால் நடக்கிறேன். அதே கட்டடங்கள், அதே கதைகள். எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆனாலும் இந்த ஊரில் விலை பேசாமல் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

அறுபதை நெருங்கும் வயது. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லொஞ்ஜி என்கிற பர்மியக் கைலி, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. தோளில் தொங்கும் துணிப்பையில் வருகிறவர்களின் செருப்பைப் போட்டுக்கொள்ள பிளாஸ்டிக் உறைகள் வைத்திருப்பார். பழக்காரிகளும் போலீஸ்காரர்களும் அவரை ஊ மியின் என்று பர்மியப் பெயரில் கூப்பிடுவார்கள். முருகையா என்பது தமிழர்கள் கூடும் காளி கோயில் பக்கத்தில் மட்டும் செல்லுபடியாகும். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். அதை மழைக்கு விரித்து நான் பார்த்ததில்லை. கட்டடங்களைச் சுட்டிக்காட்ட மட்டும்தான் அந்தக் குடை.

எதையும் வலமாகத்தான் சுற்றுவார். சூலே பயாவை அப்படிச் சுற்றினால் சரி, மாநகராட்சிக் கட்டடத்தையும் அப்படியே சுற்றுவார். பழைய நீதிமன்றத்துக்கு நேராக ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. அதில் போனால் கட்டடம் இடப்பக்கம் வந்துவிடும் என்பதற்காக எங்களை வெயிலில் அரை மைல் நடத்திக் கூட்டிப்போவார். “ஏன்யா இந்த வீம்பு, அது என்ன சாமியா?” என்று கேட்டேன். “எதுல சாமி இருக்கும்னு யாரு கண்டா சயா? நடந்தா கால்தான வலிக்கும்” என்றார்.

இந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் தெருவுக்கு ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். நுனியில் ஒரு கவ்வி இருக்கும், மேலே ஒரு மணி. பேப்பர்காரன் பேப்பரைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் கயிற்றை ஏற்றிக்கொள்வார். பன்ஸோடான் தெருவில் யாரோ ஒருவர் வீட்டுக் கயிற்றை இழுத்துக் காட்டாமல் முருகையாவின் சுற்றுலா நிறைவு பெறாது. நாலாவது மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துத் திட்டுவார். இவர் குடையைத் தூக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பர்மிய மொழியில் மன்னிப்புக் கேட்பார். எட்டு வருஷமாக அதே வீடு, அதே அம்மாள், அதே திட்டு.

நான் முதலில் வந்த காலத்தில் அந்தக் குடைக்குப் பின்னால் இருபது பேர் நடப்போம். இப்போது நான் ஒருவன். “நீங்கதான் சயா கூட்டம். கலைஞ்சு போயிராதீங்க” என்று கேலி செய்கிறார். பாதி நேரம் மின்சாரம் இல்லாததால் நடைபாதை நெடுக ஜெனரேட்டர்கள் இரைகின்றன. அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, ஒற்றை ஆளுக்கு, இருபது பேருக்குச் சொன்ன அதே கதையை ஒரு வரி குறைக்காமல் சொல்கிறார்.

ஆனால் ஓர் இடத்தைக் குறைத்துவிட்டார். முன்பெல்லாம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், மேற்கே அலோன் பக்கத்துக் கப்பல்துறையைக் குடையால் காட்டுவார். “அங்கதான் எங்க தாத்தா மூட்டை தூக்குனாரு. இப்ப எம்மவன் பாலா அங்க கிரேன் ஓட்டுறான். தூக்குற வேலை எங்களை விடல, ஆனா முதுகு தப்பிச்சிருச்சு” என்பார். அந்த வரிக்கு எல்லோரும் சிரிப்போம். இப்போது ஆற்றுக்கு ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிடுகிறார். நான் ஏன் என்று கேட்பதில்லை.

பாலா அவருக்கு ஒரே பிள்ளை. இருபத்து நாலு வயதில், பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்த அடுத்த மாதம், தாய்லாந்துக்குப் போகிறேன் என்று ஐந்து பேரோடு கிளம்பினான். எல்லையில் ஆறு. விடிகிற நேரத்தில் படகு கவிழ்ந்தது. அக்கரையில் தலையை எண்ணியபோது பாலாவையும் இன்னொருவனையும் காணவில்லை. கூடப் போனவன் ஒருவன் தொலைபேசியில் அழுதுகொண்டே இதைச் சொன்னான். பதினாலு மாதம் ஆகிறது. உடலும் கிடைக்கவில்லை, தகவலும் இல்லை.

போன ஐப்பசியில் வந்தபோதுதான் இதை என்னிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் அழவில்லை. ஒரு கணக்கைக் கேட்டார். பாலா பிறந்தது விடியற்காலை மூன்றே முக்காலுக்கு. ஆஸ்பத்திரித் தாளில் புதன் என்று எழுதினார்கள். சூரியன் உதிக்காமல் புதன் எப்படி வரும், அது செவ்வாய்தான் என்று இவர் தமிழ்க் கணக்குப் பேசி, பிள்ளை பிறந்ததிலிருந்து ஷ்வேடகோன் பயாவில், கிழமைவாரியாக நிற்கும் பிராணிச் சிலைகளில், செவ்வாய்க்கிழமைக்காரர்களின் சிங்கத்துக்கே தண்ணீர் ஊற்றிவந்தார். பிள்ளை காணாமல் போன பிறகு, பயாவின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஜோசியக்காரர் பிறந்த நேரத்தைக் கேட்டுவிட்டு, “இது புதன். யானைக்கு ஊற்றியிருக்க வேண்டும்” என்றாராம்.

“ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் கெழமை சொல்றேன் சயா. எம்புள்ளைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இருபத்தி நாலு வருசம் வேற யாருக்கோ தண்ணி ஊத்தியிருக்கேன்.” அன்றிலிருந்து யானைக்கு மாறிவிட்டார். வேலை இருக்கிறதோ இல்லையோ, தினமும் சாயங்காலம் போய்ப் பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி கிண்ணம் கிண்ணமாக ஊற்றுகிறார். “இப்ப சரியான எடத்துல ஊத்துறேன். எங்க இருந்தாலும் அவனுக்குப் போய்ச் சேரும்” என்றார். எதற்கும் எங்கள் ஊர் ஜோசியர் ஒருவரைக் கேட்டு வரும்படி, நாளையும் நேரத்தையும் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

கேட்டேன். எங்கள் தெரு ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, “உதயத்துக்கு முன்னாடி, அதனால நம்ம கணக்குக்குச் செவ்வாய்தான். ஆனா அந்த ஊர் சாமிக்கு அந்த ஊர் கணக்கைத்தான் பார்க்கணும்” என்றார். இரண்டாவது வாக்கியத்தை முருகையாவிடம் சொல்வதில்லை என்று நான் விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு மனிதனின் நெஞ்சில் ஏறிய பாரத்தை இறக்கப்போகிறோம் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்தச் சித்திரைப் பயணத்தில், வழக்கமான டீக்கடையில் சின்ன முக்காலிகளில் உட்கார்ந்தோம். டீயில் சமோசாவை முக்கித் தின்பவர், அன்றைக்கு டீயை மட்டும் ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “பூர்ணா நாள் குறிச்சிட்டா” என்றார். பூர்ணா அவர் மனைவி. வருகிற அமாவாசையில் பாலாவுக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாராம்.

“அவ சொல்றதுல தப்பில்ல. தாகத்தோட அலையிதோ என்னவோ, எள்ளும் தண்ணியும் விட்டாத்தான் அடங்கும்ங்கிறா. நான் உக்காந்தாத்தான் காரியம். அவன் எனக்கு விட வேண்டியத நான் அவனுக்கு விடணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவன் இருக்கான், தெனம் தண்ணி ஊத்துறேன்ல, அதுலதான் தாங்கி நிக்கிறான்னேன். அவ எந்திரிச்சுப் போய் அவன் சட்டையெல்லாம் மடிச்சு வச்சிட்டு வந்தா.”

அப்போதே சொல்லியிருக்கலாம். பயாவில் வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். நல்ல சேதியை நல்ல இடத்தில் சொல்ல வேண்டும் என்கிற வியாபாரிப் புத்தி.

ஷ்வேடகோனின் தெற்குப் படிகளில் ஏறினோம். என் செருப்பை உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது வானம் நீலமும் சிவப்புமாக இருந்தது, விளக்குகள் போட்டிருந்தார்கள். துடைப்பத்தோடு வரிசையாகப் பெண்கள் பளிங்குத் தரையைப் பெருக்கிக்கொண்டு போனார்கள். எட்டுத் திசைக்கும் எட்டுப் பிராணிகள் (புதனுக்கு மட்டும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு), ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு சின்னப் புத்தர், முன்னால் தண்ணீர்த் தொட்டியும் கிண்ணங்களும். முற்பகலில் பிறந்த புதன்காரர்களின் யானை தெற்கில், படி ஏறினதும் அருகிலேயே இருக்கிறது.

முருகையா எனக்கு விளக்கம் சொல்லவில்லை. குடையைத் தூணில் சாய்த்துவிட்டு ஊற்ற ஆரம்பித்தார். வயது எத்தனையோ அத்தனை கிண்ணம், நடக்கிற வருஷத்துக்குக் கூடுதலாக ஒன்று. அதுதான் இங்கத்து முறை. பாலாவுக்கு இப்போது இருபத்தைந்து. உதடு அசைய ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தார். சட்டையின் கைப்பகுதி முழங்கை வரை நனைந்துவிட்டது. கடைசிக் கிண்ணத்தை மொண்டு எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, ஜோசியரைக் கேட்டேன். அது செவ்வாயேதான். நீங்க அத்தனை வருஷம் ஊத்துனது சரிதான். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. “செவ்வாயா?” என்றார்.

“சத்தியமா. பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் சொன்னாரு.”

“அப்ப சரியான எடத்துலதான் ஊத்தியிருக்கேன்.”

“ஆமாண்ணே. இருபத்தி நாலு வருஷமும்.”

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை, யானையைப் பார்த்தார்.

“சரியா ஊத்தியும் போயிட்டான்” என்றார்.

தப்பு தன்னுடையது என்று இருந்த வரைக்கும் அதைத் திருத்த அவருக்கு ஒரு வழி இருந்தது. தினமும் சாயங்காலம் வந்து திருத்திக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று நான் அதைப் பிடுங்கிவிட்டேன். ஜோசியரின் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

பிறகு கையில் இருந்த தண்ணீரை யானைக்கு ஊற்றாமல், கோபுரத்துக்கு முதுகு காட்டி, தெற்கே பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தை இடக்கைக்கு மாற்றினார். வலது உள்ளங்கையில் தண்ணீரைச் சாய்த்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒழுக விட்டார், மூன்று தடவை.