முக்காலியில் உட்கார்ந்த மன்மதன்

சோலைமலைக்கு மீசை வருடத்தில் ஒன்பது மாதம்தான். மாசி பிறந்ததும் எடுத்துவிடுவார். மறுபடி அதை மீசை என்று நாலு பேர் ஒத்துக்கொள்ள வைகாசி ஆகிவிடும்.

நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். அதன் மேற்பிரிவில் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கத்தியால் தறித்துத் தள்ளுகிற வேலை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அந்தக் கையில் கண்ணாடி வளையலை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடம் காமன் கூத்தில் ரதியாக அழுதார். அவர் அழுதால் கூத்து நடக்கிற காமன் பொட்டலில் கைக்குழந்தை முதல் கணக்கப்பிள்ளை வரை அழும். கணக்கப்பிள்ளை அழுவதைப் பார்ப்பதற்கென்றே பாதிக் கூட்டம் வரும்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுது புரள்கிறாள். மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் திரும்பக் கிடைக்கிறது, உடம்பு கிடைப்பதில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவர்களுக்குத் தெரியமாட்டான். இதைக் கேட்டு நான் சிரித்திருக்கலாம். ஆனால் நான் பத்திநாதன், ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பையும் ஒரே மண்டபத்தில் வைத்துக் கத்துகிற வாத்தியார். மூன்றாம் நாள் எழுந்து வருகிற விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதே எனக்கு மரியாதை.

கூத்து மாஸ்டர் கந்தப்பனிடம் இருந்த பழைய பாட்டுப் புத்தகத்தில், மன்மதன் எழுந்ததும் மங்களம் பாடி முடித்துவிடுவார்கள். சோலைமலைக்கு அது பொறுக்காது.

“எந்திரிச்சு வந்தாரு, சரி. அதுக்கப்புறம் எங்கங்க குடியிருந்தாரு? சோறு யாரு போட்டா? அத எழுதாம விட்டுட்டானே!” என்பார்.

எழுதாமல் விட்டதை அவரே கட்டினார். கவ்வாத்து மலையில் தேத்தண்ணி நேரத்தில் மற்ற ஆட்களுக்குச் சொல்லுவார். அவர் கதையில் மன்மதனும் ரதியும் நாலாம் லயத்து வரிசையில் கடைசி அறையில் குடியேறினார்கள். மன்மதன் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றான். “ஒடம்பில்லாதவனுக்கு நான் எப்படிடா பேர் போடுறது?” என்று கணக்கப்பிள்ளை விரட்டிவிட்டார். இப்படி வருடா வருடம் கதை நீண்டது. கந்தப்பன் மாஸ்டருக்கு இதில் மகா கோபம். பாட்டன் காலத்துக் கதைக்கு வால் ஒட்டுகிறான் என்று என்னிடமே இரண்டு முறை முறையிட்டார்.

சோலைமலைக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அழுகிற மாப்பிள்ளை வேண்டாம் என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அழ வைக்கிற மாப்பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க எங்கள் தோட்டத்தில் யாரும் யோசித்ததில்லை.

அந்த இரண்டாம் வகைக்கு வீரய்யாவைச் சொல்லலாம். நல்ல நிறம், நெஞ்சை நிமிர்த்திய நடை. மூன்று வருடம் மன்மதனாக ஆடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினவன். கூத்தில் அவன் ரதியைப் பார்க்கிற பார்வைக்குப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையில் காலணாப் பங்கைக்கூட வீட்டில் பெண்டாட்டி பேச்சியம்மாவுக்குக் கொடுத்ததில்லை என்பது பக்கத்து அறைக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் ஆடினான். எழுபத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம் விறகுக்குச் சாய்த்த மரம் அவன்மேலேயே சாய்ந்துவிட்டது.

செத்த வீட்டில் பேச்சியம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். அவளுக்கும் சேர்த்து வாசலில் நின்று சோலைமலைதான் அழுதார். ரதிக்கு மன்மதன் போன துக்கம் என்று ஊர் நினைத்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்பது எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மாசி வந்தது. அந்த வருடம் மன்மதன் யார் என்று கூட்டம் போட்டார்கள். தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். மன்மதன் எந்தச் சங்கத்து ஆள் என்பதில் சண்டை வந்து, ஒரு ஆளுக்குப் பல் ஆடி, கூட்டம் கலையப் போகும் நேரத்தில் வீரய்யாவின் தாய் வேலாயி எழுந்து நின்றார்.

“எம்மவன் மூனு வருசம்னு நேந்துக்கிட்டான். ரெண்டுதான் ஆச்சு. மூனாவது வருசமும் அவந்தான் மன்மதன். சாம்பலான சாமியே எந்திரிச்சு வருது. எம்மவன் வரமாட்டானா? கிரீடத்த முக்காலியில வைங்க. அவன் வந்து உக்காந்துக்கிடுவான்.”

நியாயமாகப் பார்த்தால் யாராவது அந்த அம்மாளை ஆறுதல் சொல்லி உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு சங்கத் தலைவர்களும் ஒரே நேரத்தில் கையைத் தட்டினார்கள். செத்தவன் எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டவேண்டியதில்லை. அவர்கள் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான். கந்தப்பன் மாஸ்டரும் தலையாட்டினார், ஆளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வேலை மிச்சம்.

இப்படியாக அந்த வருடம் முக்காலிக்கும் ரதிக்கும் கல்யாணம் நடந்தது. தப்பு அடித்தார்கள். ஊர்வலத்தில் இரண்டு பேர் முக்காலியைத் தூக்கி வந்தார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது கிரீடத்தை மட்டும் எடுத்துவிட்டு, காமன் கம்பத்தில் சுற்றிய வைக்கோலைக் கொளுத்தினார்கள். கம்பத்தடியில் சோலைமலை புரண்டு அழுதார். வேலாயி அழவில்லை. “இன்னும் மூனு நாள்தான்” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விரலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சோலைமலை வந்து பிள்ளைகள் உட்காருகிற வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்தார். மீசை இல்லாத முகத்தில் கவலை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

“சார், ஒரு சிக்கலு. நான் பேச்சியம்மாவ கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“கட்டிக்கிறியான்னு கேட்டேன்.”

“அது என்ன சொல்லிச்சு?”

“எனக்குச் சம்மதந்தாங்க, மாமி மனசு நோகாம செய்ங்க, அந்தக் கெழவிய நான் ஒண்டியா விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிருச்சு. மாமி என்னடான்னா, எம்மவன் வர்றான், வந்தா அவ அவனுக்குப் பொண்டாட்டிதான்னு நிக்கிது. நாளான்னைக்கு மன்மதன் வந்தாரா வரலியான்னு ஊரே ஏங்கிட்டதான் சார் கேக்கும். ரதி கண்ணுக்கு மட்டுந்தானே தெரியும்!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தான் என்று சொன்னால் பேச்சியம்மா ஆயுசுக்கும் ஒரு முக்காலிக்குப் பெண்டாட்டி. வரவில்லை என்று சொன்னால் ஒரு தாயின் நெஞ்சு இரண்டாம் முறை உடையும். அதோடு, ஆசையில் பொய் சொல்கிறான் என்று ஊர் காறித் துப்பும். ஒரு நாட்டின் தலைவிதியைக்கூட யாரும் இப்படி ஒரு வேஷக்காரன் கண்ணில் வைத்ததில்லை.

“உண்மையைச் சொல்லுங்க” என்றேன். வாத்தியார் வேறு என்ன சொல்லுவான்?

“உண்மை என்னன்னு நீங்க சொல்லுங்க சார், நான் போயி அதச் சொல்றேன்” என்றார். நான் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அரை நாளோடு வேலையை விட்டுவிட்டுச் சனம் முழுக்கக் காமன் பொட்டலுக்கு வந்துவிட்டது. நல்ல வெயில். முக்காலியில் கிரீடத்தை வைத்தார்கள். வேலாயி முன்வரிசையில், அவர் பக்கத்தில் பேச்சியம்மா. கந்தப்பன் மாஸ்டர் உயிர் கொடுக்கிற பாட்டைப் பாடி முடித்தார். தப்பு நின்றது. 

“ரதி தேவி, ஒன் புருசன் வந்துட்டாரா?” என்று மாஸ்டர் கேட்டார்.

சோலைமலை முக்காலியைப் பார்த்தார். பிறகு வேலாயியைப் பார்த்தார். அந்த அம்மாள் இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்திருந்ததை நானும் பார்த்தேன்.

“வந்துட்டாரு” என்றார் ரதி.

வேலாயி ஓவென்று கத்திவிட்டார். பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். மாஸ்டர் மங்களம் பாட வாயைத் திறந்தார். ரதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“வந்ததும் வராததுமா என்ன கேக்குறாருன்னு கேளுங்க. தேத்தண்ணி எங்கன்னு கேக்குறாரு!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோலைமலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முக்காலியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்தார். தேத்தண்ணி கொடுத்தால் சூடில்லை என்று குற்றம். சோறு போட்டால் ஏன் நேரமாச்சு என்று குற்றம். பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வாங்க என்றால், “ஒடம்பில்லாத ஆளு நான் எப்படிடி வாளியத் தூக்குறது?” என்கிறாராம். “சாப்புடுறதுக்கு மட்டும் ஒடம்பு எங்கேருந்துங்க வருது?” என்று ரதி கேட்டபோது பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“சரி, பெரட்டுக்காவது போங்கன்னேன். கணக்கப்பிள்ளை ஐயா, இவருக்குப் பேர் போடுவீங்களா?”

கூட்டத்தில் இருந்த கணக்கப்பிள்ளை தன்னை மறந்து, “ஆள் இல்லாம பேர் போட முடியாது!” என்று நிஜமாகவே கத்திவிட்டார்.

“கூப்பன் அரிசியாவது கேப்போம்னா, எந்த நாட்டு ஆளுன்னு எழுதச் சொல்றாங்க. எந்த நாட்டுலயும் இவரு பேரு இல்லையாம்” என்றார் ரதி. இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த பாதிப் பேருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத அதே நிலைமை, உடம்பு இருந்தும்.

பிறகு சோலைமலை குரலைத் தணித்தார். “இத்தனையும் பொறுத்துக்குவேன். நான் ஒருத்திதான் இவரப் பாக்க முடியும்னு சொல்றீங்களே, இவரு என்னையப் பாக்க மாட்டேங்குறாரே! மொகத்த அந்தப் பக்கமே வச்சிருக்காரே! நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க.”

பதிலுக்காக அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. பேச்சியம்மா எழுந்து நின்றாள். ஏழு மாதமாக அவள் குரலை யாரும் சத்தமாகக் கேட்டதில்லை.

“போகச் சொல்லுங்க” என்றாள். “உசிரோட இருந்தப்ப ஒரு நாளும் என்னைய நிமிந்து பாக்கலங்க. செத்ததுக்கப்புறம் எதுக்கு வந்து பாக்கணும்?”

வேலாயி மருமகளைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். மெல்ல எழுந்து போய்க் கிரீடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நான் பயந்தேன்.

“எம்மவன் கொணம் மாறவேயில்லடி” என்றார். “தேத்தண்ணி சூடில்லன்னு சொன்னான் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, வந்தது அவந்தான். வந்துட்டான்ல, அது போதும். போடா ராசா. அந்தப் புள்ள பொழைக்கட்டும்.” பிறகு கிரீடத்தைக் கட்டிக்கொண்டு, ஏழு மாதமாக அழாத அழுகையை அழுதார். பேச்சியம்மாவும் போய் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ரதி ஓரமாக நின்று மூக்கைத் துடைத்தார். கந்தப்பன் மாஸ்டர் மங்களம் பாடலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

சித்திரையில் கல்யாணம். வேலாயியும் அவர்களோடுதான் இருந்தார். அவர் சாகும்வரை சோலைமலை அவருக்குச் சூடாகத் தேத்தண்ணி கொடுத்தார். காலையில் பெண்டாட்டி எழும்புவதற்கு முன்பே பீலிக்குப் போய் வரிசையில் பெண்களோடு நின்று தண்ணீர் பிடிப்பார். ஆண்கள் கேலி செய்தார்கள். “ஒடம்பு இருக்கும்போதே தூக்கிக்கணுமுல்ல” என்பார்.

ஒரு நஷ்டம் கூத்துக்கு. அடுத்த மாசியில் மன்மதன் எரிந்தபோது ரதிக்கு அழுகை வரவில்லை. என்ன முயன்றும் முகத்தில் சந்தோஷம்தான் வழிந்தது. புருஷன் செத்ததற்கு இப்படிச் சிரிக்கிற ரதியை உலகம் கண்டதில்லை என்று கந்தப்பன் மாஸ்டர் வேஷத்தைப் பறித்துவிட்டார். அதற்குப் பிறகு சோலைமலைக்கு மீசை பன்னிரண்டு மாதமும் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளி பிடித்து, நுவரெலியா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்து சோலைமலை செத்துப்போனார். இந்தத் தடவை பேச்சியம்மா அழுத அழுகை மூன்று லயத்துக்குக் கேட்டது.

அடுத்த மாசியில், மன்மதனை எழுப்புகிற அன்று நானும் பொட்டலுக்குப் போயிருந்தேன். தலை நரைக்கத் தொடங்கிய பேச்சியம்மா பெண்கள் நடுவில் இருந்தாள். பாட்டு முடிந்து கூட்டம் கலைகிறபோது, கொழுந்து பறிக்கிற மலையில் அவளுக்குத் தோழியான மீனம்மா அவள் தோளில் இடித்தாள்.

“என்னடி, ஒன் ஆளு வந்தாரா?”

“எங்க வருவாரு? வந்தா பீலியில தண்ணி புடிக்கச் சொல்லுவேன்ல. ஒடம்பில்லாம எப்படிப் புடிப்பாரு? அந்த வெக்கத்துலயே வரமாட்டாரு.”

பெண்கள் சிரித்துக்கொண்டே முன்னால் போனார்கள். அவள் பின்தங்கி, என்னோடு மெல்ல நடந்து வந்தாள்.

“ஆனா சார்,” என்றாள், “சும்மா வந்து உக்காந்துட்டுப் போகலாம். நான் ஒரு வேலையும் சொல்லமாட்டேன்.”