பச்சை முட்டைக்கோஸ் சாறும் என் கழுத்தும்

சல்ஃபோராஃபேன் என்ற சொல் என் வீட்டுக்காரர் வாயில் நுழைந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மிக்ஸிக்கு ஓய்வே இல்லை. ப்ராக்கோலி, முட்டைக்கோஸ் வகைக் காய்களில் கிடைக்கும் இயற்கைச் சத்து அது, புற்றுநோயை அண்டவிடாது என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டார். வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடுமாம். அதனால் பச்சையாக அரைத்து, வடிகட்டி, காலையில் காபிக்கு முன்னால் ஒரு பெரிய டம்ளர். தாம்பரம் மார்க்கெட்டில் ப்ராக்கோலி கிடைக்காத நாளில் முட்டைக்கோஸ். அந்த வாடை இருக்கிறதே, அடேயப்பா! விடிந்ததும் விடியாததுமாகக் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும்.

அவரும் குடித்தார். எனக்குத்தான் எப்போதும் ஒரு வாய் கூடுதலாக ஊற்றுவார். கூடவே, பாக்கெட் உப்பில் ரசாயனம் இருக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டு இந்துப்பு வாங்கி வந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் என்ன சொல்ல? முந்தின வருஷம்தான் அவருடைய ஒரே தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. கடைசிவரை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவர் இவர். அடக்கம் முடிந்து சேலையூர் வீட்டுக்குத் திரும்பி வந்த மனிதர் பழைய மனிதர் இல்லை. அதனால் முணுமுணுத்துக்கொண்டே மூக்கைப் பிடித்துக் குடித்தேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். வகுப்பில் பாடம் நடத்தும்போது குரல் கம்மியது. மதியமானால் கண் சொருகியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பள்ளிக்கூட ஆயா என்னை நிறுத்தி உற்றுப் பார்த்தார். "இன்னா டீச்சர், கய்த்து வீங்கிக்கீது?"

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று எச்சில் விழுங்கினேன். தொண்டையில் ஒரு மேடு ஏறி இறங்கியது. அவரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தார், முகம் செத்துவிட்டது. மறுநாள் காலையில் எனக்கு இரண்டு டம்ளர் சாறு வந்தது.

தாம்பரம் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கழுத்தில் ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த அந்த நாட்களை என் எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பயம், அவ்வளவுதான். எனக்காகப் பாதி, நான் போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று பாதி.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா நாங்கள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார். "கேன்சர் இல்லைம்மா."

அந்த அம்மா நல்லா இருக்கணும். அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன்.

"தைராய்டுதான் மந்தமா இருக்கு. சாப்பாட்டுல என்னென்ன எடுத்துக்கறீங்க?"

வாய் நிறைய ஒப்பித்தார் இவர்: பச்சைச் சாறு, சல்ஃபோராஃபேன், இந்துப்பு. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அந்தச் சத்து நல்லதுதான். லேப்ல நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க. ஆனா மனுஷங்களுக்குக் கேன்சர் வராம தடுக்கும்னு இன்னும் உறுதியாகலை. அதே காய்ல, தைராய்டுக்கு அயோடின் போகவிடாம மறிக்கிற பொருளும் இருக்கு. பொரியல், கூட்டுன்னு சமைச்சு சாப்பிட்டா பயமே இல்லை. நீங்க தினம் பச்சையா டம்ளர் டம்ளரா குடுத்திருக்கீங்க. உப்புல வர்ற அயோடினையும் நிறுத்திட்டீங்க. ரெண்டும் சேர்ந்தா தைராய்டு என்னதான் பண்ணும்?"

"அதனாலதானா டாக்டர்?" என்றார் இவர்.

"நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். ஜூஸ் வேணாம், பழைய உப்புக்கே மாறிடுங்க. ரத்தம் திரும்பப் பார்க்கலாம்."

பிற்பாடு எல்லாம் சரியாகி, வீக்கமும் வடிந்தது. ஆனால் அன்று படியிறங்கும்போது எனக்கு வந்த கோபம்! வாயில் வந்ததையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு ஸ்கூட்டர் அருகே போனேன். இவர் சாவியைக் கையில் பிடித்தபடி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கையாலயே உனக்கு..." முடிக்க முடியவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. "தங்கச்சி போனப்பகூட சாப்பிட்டேன், தூங்கினேன். இந்த வாரம் ரெண்டும் முடியலை. நீ இல்லாத வீட்டை நான் எப்படிடி திறந்து உள்ள போவேன்?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு பேச்சை இந்த மனிதர் பேசியதே இல்லை. சேர்த்துவைத்த திட்டெல்லாம் எங்கே போனதோ.

"வண்டியை எடுங்க," என்றேன். "பசிக்குது. எனக்கு மசால் தோசை வேணும்."

பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். ஊரே பார்க்கிற ரோட்டில், கல்யாணமான புதிதில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.