மலைக்குள் போகும் ரயில்

கல்யாணத்துக்கு முன்னால் ஜோசபின் சாலமனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்தச் சுரங்கத்துக்குள்ளும் அவன் போகக்கூடாது. பெரியவர்கள் உள்ளே புடவை, மோதிரம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கொடுக்க வந்த சாக்கில் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கோலார் தங்கவயலில் பிறந்த ஒருவனிடம் கேட்கிற பேச்சா அது? ஆனால் அவளுடைய அப்பா தாஸ் காலை ஷிப்டுக்கு இறங்கிய ஒரு நாளில் பாறை வெடித்துக் கீழேயே இறந்துபோனார். அது தெரிந்தவன் என்பதால் சாலமன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

அப்படித்தான் அவர்கள் பெங்களூருக்கு வந்தார்கள். அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை கிடைத்தது. ஜீவனஹள்ளி சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு அவள் டீச்சர். 1957இல் தொழிற்சாலை சாலமனையும் டென்சிலையும் பயிற்சிக்கு சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று டென்சில் மட்டும் அடுத்த பிப்ரவரியில் முன்னதாகவே திரும்பினான். வந்த மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு ஜோசபின் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மிஸ், நம்ம சாலமன் மலை ஏறணும்னு சொல்றான்."

"ஏறட்டுமே. நந்தி மலைக்கே மூச்சு வாங்கின ஆளு."

"இது யுங்ஃப்ராவ் மிஸ். பதிமூணாயிரம் அடிக்கு மேல. ஃபுல்லா ஐஸ், இப்ப வின்டர் வேற. ஒர்க்‌ஷாப் பசங்க கூப்பிட்டிருக்காங்க. கைடு இருக்காரு, எல்லாரும் ஒரே கயித்துல கட்டிக்குவாங்க." டென்சில் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "பாதிக்கு மேல வரைக்கும் ரயில் போவுது. ஆனா அந்த ரயிலு மலைக்குள்ள போவுது. டன்னல்."

ஜோசபின் அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதான் உங்கள கேக்கச் சொன்னான். வேணாம்னா போமாட்டானாம். வெள்ளிக்கிழமைக்குள்ள தந்தி குடுக்கணும்."

"பாறையக் குடைஞ்சா அது சுரங்கம்தான."

"நானும் சொல்லிப் பாத்தேன். ரயில்ல உக்காந்துக்கினா காலு தரையில படாது, ப்ராமிஸ் உடையாதுடான்னு. கேக்க மாட்றான்."

டென்சில் போனபிறகு அவளுக்குச் சாலமன் மேல் கோபம்தான் வந்தது. சொல்லாமல் போயிருந்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? இப்போது ஏதாவது ஆனால் அது அவள் வாயால் ஆனதாக இருக்கும். வேண்டாம் என்றால் திரும்பி வந்து, அந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஆயுசுக்கும் லேத் முன்னால் நின்றுவிடுவான். அவன் பேசாத அந்தப் பேச்சோடு அவள் குடித்தனம் நடத்த வேண்டும். தன்னைக் கேட்டது மரியாதையா, தண்டனையா? அப்பா சுரங்கத்தில் இறங்கலாமா என்று அம்மாவை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? மறுநாள் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு தப்பாக வந்தது, பிள்ளைகள் திருத்தினார்கள்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி லட்சுமம்மாவுக்கு விஷயம் எட்டியது. குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"அஷ்டு தூரம் பனியில ஏறினா இன்னா கெடைக்கும் டீச்சரம்மா? தங்கமா?"

"ஒண்ணும் கெடைக்காது."

"அப்புறம் எதுக்கு?"

"அவருக்கு ஆசை."

சொன்னபிறகு அவளே அந்தப் பதிலை நினைத்துக்கொண்டு குடத்தை இடுப்பில் வைக்காமல் நின்றாள். அவள் வளர்ந்த சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒவ்வொருவனும் எதற்காகவோ இறங்கினான். அரிசிக்காக, தங்கச்சி கல்யாணத்துக்காக. எதுவும் கிடைக்காத ஒன்றுக்கு ஆசைப்பட்ட ஆளை அவள் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அப்படி ஏதாவது ஆசை இருந்ததா? யார் கேட்டார்கள்? அன்று மாலை தந்தி ஆபீசுக்குப் போய், போகச் சொல்லித் தந்தி கொடுத்தாள்.

அவர்கள் மலையேறும் சனிக்கிழமை காலையிலிருந்து அவள் வாசல் கதவைச் சாத்தவில்லை. ஆள் கீழே சுரங்கத்தில் இருக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்தமாட்டாள் அவள் அம்மா. மேலே போனவனுக்கு அது பொருந்துமா என்று தெரியவில்லை. ஆனாலும் சாத்த மனம் வரவில்லை. தெருநாய் உள்ளே வந்து அடுப்படியை மோந்துவிட்டுப் போனது.

"திருடனுக்கு வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிடறியா?" என்ற லட்சுமம்மா, அதற்குமேல் எதுவும் கேட்காமல் அவரைக்காயை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். ஞாயிறும் வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை தந்தி வந்தது. பத்திரமாக இறங்கிவிட்டோம், உச்சியைத் தொடவில்லை. ஜோசபினுக்கு முதல் பாதிதான் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் "மேல போயிட்டாரா?" என்று கேட்டபோதுதான் மறுபாதியைப் படித்தாள்.

மே மாதம் சாலமன் வந்தான். கன்னத்தில் பனியில் தோல் உரிந்த இடம் இன்னும் கறுத்திருந்தது. "டிக்கெட் எடுத்துட்டுப் படம் பாக்காம வந்தவன்" என்று டென்சில் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். சாலமனும் சிரித்தான். சாயங்காலம் ஜோசபினிடம் மட்டும் சிரிக்காமல் சொன்னான்.

"உச்சி எதிர்லயே நின்னுச்சு ஜோசி. கிட்டத்துலதான். காத்துல நிக்க முடியல. கைடு திரும்பிடுன்னுட்டாரு. இன்னும் கொஞ்சம் ஏறிப் பாத்திருக்கலாம்."

அவனைத் திருப்பிவிட்டது எதுவானாலும் அதற்கு அவள் பிப்ரவரியிலிருந்தே நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அதை எப்படிச் சொல்வது? அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த டன்னல் எப்பிடி இருந்துச்சு?"

அவன் தயங்கினான். "சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

சுரங்கத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார், அவ்வளவுதான்.

"ஈரம். பாறையில தண்ணி கசிஞ்சு அப்பிடியே உறைஞ்சிருக்கு. ரயிலு மெதுவா ஏறுது, யாரும் பேசல. நடுவுல ஒரு எடத்துல நிறுத்தறாங்க. அங்க பாறைய வெட்டி சன்னல் வெச்சிருக்காங்க ஜோசி. கண்ணாடி சன்னல்."

"மலைக்குள்ளயா?"

"உள்ளயேதான். எட்டிப் பாத்தா கீழ ஊரு தெரியுது. வீடு, சர்ச்சு, கூரையெல்லாம் பனி."

ஜோசபின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நிறுத்தினான்.

"நிறுத்தாதீங்க. சன்னல்ல காத்து வந்துச்சா?"

"இல்ல. வெளிச்சம் மட்டுந்தான்."

எவ்வளவு வெளிச்சம் என்று கேட்டாள். எதிரில் நின்றவர் முகம் தெரிந்ததா என்று கேட்டாள். அவன் சொல்லிக்கொண்டே போனான். உச்சியைப் பற்றிய பேச்சு எங்கேயோ நழுவிப் போயிருந்தது. கடைசியில் அவனே, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"இன்னொரு தடவ கூப்பிட்டா?"

"அப்பவும் கேளுங்க" என்றாள் ஜோசபின்.