பற்ற வைக்காத பைப்

"பைப் புடிச்ச ஆளுக்கு நெஞ்சு கெடாம இன்னாம்மா கெடும்?"

அப்பாவின் மருத்துவச் சான்றைத் திருத்தக் கேட்டுப் போன என்னிடம் சுரங்க நஷ்டஈட்டு அலுவலக எழுத்தர் சொன்னது இது. மனுவோடு நான் வைத்த படத்தில் அப்பா எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஊரிகம் ஸ்டேஷனில் நிற்கிறார், வாயில் பைப்போடு.

அலுமினியத் தண்டு வைத்த சீமைப் பைப் அது. உலோகத் தண்டு வழியாக வரும்போதே புகையின் சூடு குறையும். மரக் கிண்ணம் திருகில் கழன்று வரும். கரிந்துபோனால் வேறு மாட்டலாம். சுரங்கத்தில் சேருவதற்கு முன் அப்பா ஓர் ஆங்கிலோ இந்திய அதிகாரியின் பங்களாவில் இப்படிப்பட்ட பைப்புகளைத் துடைத்தார். "சூட்டுல தெறக்கக் கூடாது, மரை போயிடும்" என்பார். ஆறிய பிறகு கிண்ணத்தைக் கழற்றி, அடியில் தேங்கிய கறுப்பு நீரைத் துடைத்து, பஞ்சு சுற்றிய கம்பியைத் தண்டுக்குள் விட்டு இழுக்க வேண்டும். தினமும். அதிகாரி ஆஸ்திரேலியா போகும்போது புதுப் பைப் ஒன்றைப் பெட்டியோடு கொடுத்தார்.

அப்பா அதில் ஒருநாளும் புகையிலை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டை மாட்டி, வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போய் வருவார்.

"வெறும் கொழாய சப்பிக்கினு நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்பாள் அம்மா.

"தூளு போட்டா தொடைக்கணும். அந்த வேலைய நான் உட்டு எத்தினி வருசமாச்சி."

சுரங்கம் மூடிய பிறகும் அவர் நெஞ்சில் கல்தூசி இருந்தது. அதற்குச் சான்று கேட்டு ஒரு டாக்டரிடம் போனோம். டாக்டர் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த பைப்பைப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இன்னா போட்டுக்கிறாரு, படி" என்றார் அப்பா.

எழுத்துக் கூட்டி 'ஸ்மோக்கர்' என்று வாசித்தேன். ஸ்மோக் என்றால் புகை. எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் புகை என்றால் ஒன்றுதான்: சுரங்கத்துக்குள் பாறைக்கு வெடி வைத்த பிறகு அந்த ஆழத்து லெவல் முழுக்க நிற்பது.

"பொகையால வந்துதுன்னு போட்டுக்கிறாரு, பா."

"பின்ன? பிளாஸ்டிங் பொகைதான். கரெக்டா போட்டுக்கிறாரு."

கையெழுத்துப் போட்டார். மகள் இங்கிலீஷ் படித்ததை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். இரண்டு வருடத்தில் இறந்துபோனார், புகைபிடிப்பவர் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டு, தன் சாவுக்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொண்டவராக. படித்துக் காட்டியது நான்.

இத்தனை வருடம் கழித்து, எழுத்தரின் மேசையில் அந்தப் பைப்பை வைத்துக் கிண்ணத்தைக் கழற்றினேன். புகைத்த பைப்பின் உள்ளே கரி அடைபோல் படிந்திருக்கும். இதில் மரத்தின் நிறம் மாறவில்லை.

"வேற கிண்ணம் மாட்டிக்கினு வந்துருப்பீங்க."

பஞ்சுக் கம்பியைத் தண்டுக்குள் விட்டு இழுத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அவர் அதைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் மேலதிகாரிக்கு, அங்கே ஆட்சிமொழியான கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நானே மனு எழுதினேன். பத்து வயதில் நான் தவறாகச் சொன்ன அர்த்தத்தையும் மறைக்கவில்லை. அந்தப் பஞ்சை உறையில் போட்டு மனுவோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.