விசாலம் அக்கா அழித்த கோலம்

செய்தி வந்தபோது எங்கள் தியாகராய நகர் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான், ஜவுளிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர், மாணவர் ரோபோ போட்டிக்கு இந்த ஆண்டு நாள் குறிக்க வந்திருந்த கல்லூரி ஆசிரியை ஹேமா, போட்டிக்கு வழக்கமாக ஒலிபெருக்கி கட்டும் மைக்செட் தாஸ். ஐந்தாவதாக வரவேண்டியவர் விசாலம் அக்கா. நேரம் தவறாதவர் என்பதால் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. அசோக் நகரிலிருந்து அக்காவின் தம்பி பேசினார். காலையில் காபி குடித்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம்.

தாஸ்தான் முதலில் வாய் திறந்தார். "படுக்கைல வுழாம பூட்டாங்கமா. அது போதும்."

எனக்கும் முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை பிறகு வந்தது. தம் தாயாரைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அக்கா. "எனக்காக வேண்டிக்கறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு வேண்டிக்கோ, பார்வதி. யார் கையையும் எதிர்பார்த்துண்டு நான் கெடக்கப்படாது" என்று மயிலாப்பூர்க் கோயில் பிராகாரத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சஷ்டிக்கும் நானும் வேண்டிக்கொண்டேன். முருகன் கேட்டுவிட்டான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது மாமி என்று அழைத்தால், "நான் எந்த மாமாவுக்கும் மாமி இல்லை" என்று திருத்துவார்.

என் மகன் போட்டியில் கலந்துகொண்ட ஆண்டு, தாய்மார்கள் நாங்கள் மயிலாப்பூரில் போட்டி நடந்த கூடத்துக்கு வெளியே முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருந்தோம். போட்டிக்கு நடுவரான அக்கா கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். "ஆத்துல நாள் முழுக்க வேலை பாக்கறேள். இங்க மட்டும் ஏன் சும்மா உக்காந்துண்டிருக்கேள்?" என்றார். எட்டாவதோடு பள்ளியை விட்டு, மீதியைப் பிள்ளைகளின் புத்தகங்களில் நானே படித்துக்கொண்டவள் நான். ரோபோவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றேன். கணக்கு எழுத வருமா என்று கேட்டார். வீட்டு வரவு செலவு முழுவதும் என் கையெழுத்துதான் என்றேன். மதிப்பெண் எழுதும் நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று உட்கார்ந்தவள்தான்.

போட்டி எளியதுதான். கூடத்தின் கறுத்த கடப்பைக்கல் தரையில் வெள்ளை நாடாவை வளைத்து வளைத்து ஒட்டியிருப்போம். மாணவர்கள் செய்துவந்த சின்ன வண்டி, அடியில் பொருத்திய கண்ணால் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து, தானாக ஓடி முடிக்க வேண்டும். விசில் ஊதினால் ஒரே ஓட்டம். வழி தப்பினால் வெளியே. இந்த விதியில் அக்கா கல். அந்த ஆண்டு சொந்தத் தம்பி மகனின் வண்டி பாதியில் நின்றது. அவன் "அத்தை" என்று இழுத்தான். "விசில் ஊதியாச்சு" என்பதோடு சரி. அன்றைக்குத் தம்பி வீட்டில் சாப்பாடு கிடைத்ததா என்று தாஸ் பிறகு கேலி செய்தார். "கெடச்சுது. உப்புதான் இல்லை" என்றார் அக்கா.

அடுத்த ஆண்டு சைதாப்பேட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரை வைத்துச் செய்த வண்டி. முழுச் சுற்றும் ஓடி முடித்தால்தான் இனிமேல் பெண்களை இதற்கெல்லாம் அனுப்புவேன் என்று அவர்கள் தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். பெயர் பதியும்போதே மூத்தவள் செல்வி என்னிடம் இதைச் சொன்னாள்.

அன்று காலை, விளக்கேற்றும் இடம் வெறுந்தரையாக இருக்கிறதே என்று அக்காவே அரிசிமாவைக் கரைத்து, குத்துவிளக்கைச் சுற்றி மாக்கோலம் போட்டிருந்தார். அதன் ஓர் இழை முதல் வளைவில் நாடாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈரத்தில் கோலம் மங்கலாக இருந்ததால் முதலில் ஓடிய வண்டிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மின்விசிறிக் காற்றில் காயக் காய மாவு பளிச்சென்று வெளுத்துவிட்டது. மாக்கோலம் போடும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த நேரத்தில் எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

செல்வியின் வண்டி வளைவு வரை ஒழுங்காக வந்தது. அங்கே நாடாவை விட்டுக் கோலத்துக்குள் இறங்கி, இழையைப் பிடித்துக்கொண்டு குத்துவிளக்கைச் சுற்றத் தொடங்கியது. கூடமே சிரித்தது. "பிரதட்சிணம் முடிஞ்சதும் வந்துடும்" என்றார் ஒரு தகப்பனார். அக்கா விசில் ஊதி, அவுட் என்று கையைக் காட்டினார்.

செல்வி அழவில்லை. தரையில் மண்டியிட்டு, வண்டியைத் தொடாமலே சொன்னாள்: "மிஸ், வண்டி கரெக்டாதான் போய்க்கினு கீது. கோடுதான் தப்பா கீது."

அக்கா குனிந்து பார்த்தார். பிறகு தாஸிடம் கையை நீட்டி மைக்கைக் கேட்டார். ஹேமா ஓடிவந்து, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், இந்தப் பெண்களுக்கு மட்டும் சத்தமில்லாமல் இன்னோர் ஓட்டம் கொடுத்துவிடலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. மைக்கிலேயே சொன்னார்:

"ஒரே ஓட்டம்ங்கறது ஓடறவாளுக்கு விதி. தரையை ஒழுங்கா வெக்கறது எங்க பொறுப்பு. கோலம் போட்டது நான்தான். தப்பு என்னோடது. எல்லாரும் மொதல்லேர்ந்து ஓடணும்."

ஏற்கெனவே நன்றாக ஓடிய பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, ஈரத்துணியும் தேங்காய்நாருமாகக் கோலத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். எரிகிற விளக்கின் முன்னால் கோலத்தை அழிக்கலாமா என்று கேட்டேவிட்டேன்.

"எறும்பு தின்னட்டும்னுதானே மாக்கோலம் போடறோம். எறும்பு அழிச்சா அபசகுனமா? இன்னொரு நாரை எடுத்துண்டு வா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன்.

மறுபடி ஓட்டம் தொடங்கி, செல்வியின் வண்டி அந்த வளைவை நெருங்கியபோது முருகா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவில்லை. வண்டி சற்றே தயங்கியது. பிறகு நாடாவோடு திரும்பி, முழுச் சுற்றையும் முடித்தது. விட்ட மூச்சில் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பரிசு வேறு பள்ளிக்குத்தான் போயிற்று. செல்விக்கு அது பொருட்டாகவே இல்லை. சுற்று முடிந்ததை நான் தாளில் எழுதிவிட்டேனா என்று இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியிலிருந்து மூன்று அணிகள் வந்தன, எல்லாம் பெண்கள்.

அதன் பிறகு அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். போட்டி தொடங்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெறுங்காலோடு தனியாக நடப்பார். வண்டிகளைக் கையில் ஏந்தியபடி பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைசி வளைவில் நிமிர்ந்து, "தரை சரியா இருக்கு. இனிமே உங்க பாடு" என்பார். என் கண்ணுக்குள் அவர் அங்கேதான் நிற்கிறார். போய் வாருங்கள், அக்கா.

போட்டியை நிறுத்த வேண்டாம் என்று அவருடைய தம்பியே சொல்லிவிட்டார். விசில் ஊத ஹேமா சம்மதித்திருக்கிறார். கோட்டின் மேல் நடந்து பார்க்க மட்டும் இன்னும் ஆள் இல்லை. தப்பு நம்முடையது என்றால் அதை மைக்கில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இதைப் படிக்கும் உங்களில் யார் வருகிறீர்கள் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.