வெப்சைட் வாத்தியார் ஆபீஸுக்குப் போன கதை

வெப் டெவலப்மென்ட் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு பெரிய சுகம் உண்டு: போர்டில் எழுதுகிற புரோகிராம் என்றைக்கும் பழுதாகாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியறையில் அந்தச் சுகத்தைப் பல வருஷம் அனுபவித்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டையும் நன்றாகப் பழகியிருந்தது. பிறகு பிள்ளைகள் போனிடமே கேட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். கடைசி பேட்சில் மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவன் ஏசிக்காக வந்தவன். அந்த நேரம் பார்த்து என் மனைவி எஸ்தர் முழுகாமல் இருந்தாள். "மாசமானா சம்பளம் வர்ற எடமா பாருங்க" என்றாள். சொந்தக் கடையை மூடிவிட்டு இன்னொருவர் ஆபீஸில் போய் உட்கார்ந்த அன்பர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இன்டர்வியூ

பட்டுப்புடவைக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிற சின்ன கம்பெனி அது. முதலாளி கார்த்திக் என்னைவிட இளையவர். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பதில் சொல்ல நான் ஏன் எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. சுவரில் ஒரு வெள்ளை போர்டு இருந்தது, மார்க்கரும் இருந்தது. அப்புறம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

அடிப்படையிலிருந்து ஆரம்பித்தேன். கணக்கு பார்க்கிற அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். "புரியுதா? எங்கே, நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று கார்த்திக்கையே எழுப்பிவிட்டேன். அவரும் எழுந்து, சரியாகவே பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், எல்லாம் நல்லா புரிஞ்சுது. ஆனா இப்ப வேலைக்கு எடுக்கிறது நீங்களா, நானா?"

டீம் லீட்

வேலை கிடைத்தது, நிரந்தரமில்லை. சில மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். முதல் நாள் என் டீம் லீடை அறிமுகப்படுத்தினார்கள். விமலா! என் முதல் பேட்ச் மாணவி. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். அவள் நிற்கிறாளே என்று நானும் நின்றேன். இரண்டு பேரும் உட்காரச் சிறிது நேரம் பிடித்தது.

நான் எழுதுவதை அவள் படித்துப் பார்த்து ஓகே சொன்னால்தான் அது வெப்சைட்டில் ஏறும். முதல் வேலையை ஆசை ஆசையாகச் செய்தேன். ஒவ்வொரு வரிக்கு மேலும், வகுப்பில் செய்கிற மாதிரி, அது எதற்கு என்று ஒரு விளக்கம். சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் தன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோச்சிக்காதீங்க சார். இதுல புரோகிராம் எங்க இருக்குதுன்னு தேட வேண்டியிருக்குது."

நாளை விடுமுறை

பெருமாள் கோயில் கருட சேவையன்று கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது. அதனால் முதல் நாளே மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவது என் பழக்கம். இந்த வருஷமும், "நாளை கருட சேவை, வர வேண்டாம்" என்று கைப்பழக்கத்தில் தட்டிவிட்டுத் தூங்கிப்போனேன். அது போனது ஆபீஸ் குரூப்புக்கு. அங்கே பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் லீவை நம்புகிறவர்கள். மறுநாள் கார்த்திக் கூட்டத்தில் நீந்தி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்: "சார், நாளைக்காவது ஆபீஸ் வெக்கலாமா?"

அரக்கு

பாஷா பாய் எங்களுக்கு ரொம்ப நாள் வாடிக்கையாளர். தன் கடையின் அரக்குப் புடவை வெப்சைட்டில் சிவப்பாகத் தெரிகிறது என்று நேரிலேயே வந்துவிட்டார். போன் திரை எப்படி நிறம் காட்டுகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாய் டீ குடித்து முடித்தார். நான் இன்னும் முன்னுரையில்தான் இருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பாடத்த அப்பறம் நடத்துப்பா. அரக்கு எப்ப அரக்கா வரும், அத மட்டும் சொல்லு."

தக்காளி

வகுப்பில் எல்லாப் பாடத்துக்கும் என் உதாரணம் தக்காளிதான். பாய் கடையின் புது வெப்சைட்டைத் திறக்கிற அன்று காலையில், கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் செய்தேன். சின்னதுதானே என்று விமலாவிடம் காட்டாமல் ஏற்றிவிட்டேன். சரியாக வருகிறதா என்று பார்க்க நான் போட்டுவைத்த மாதிரிப் பெயரும் கூடவே ஏறிவிட்டது. முகூர்த்தப் புடவை, ரிசப்ஷன் புடவை, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, எல்லாவற்றுக்கும் கீழே 'தக்காளி'.

சேலத்திலிருந்து ஒரு அம்மா ஒரு சிவப்புப் புடவையைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, "தக்காளின்றது கலரா, டிசைனா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. வகுப்பில் தப்பு வந்தால் டஸ்டரால் துடைத்துவிட்டு, "இதை வேணும்னுதான் செஞ்சேன், யாரு கண்டுபிடிச்சது?" என்று சமாளித்துவிடலாம். இங்கே ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வாரம்தான் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். எஸ்தருக்கு அது நிறைமாதம் வேறு. விமலா நாற்காலியை என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தாள். "எனக்கும் இப்படி ஆயிருக்குது சார்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை.

நானே போய்விடுகிறேன் என்று சொல்ல கார்த்திக் அறைக்குப் போனால், அவர் பாயிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சேலத்து அம்மா அந்தச் சிவப்புப் புடவையை வாங்கிவிட்டாராம். அந்த ஒன்றுக்கு மட்டும் தக்காளி என்ற பெயரே இருக்கட்டும் என்று பாய் சொல்லிவிட்டார். கார்த்திக் போனை வைத்துவிட்டு, விமலா பார்க்காமல் இனி ஒரு புள்ளிகூட ஏற்றக் கூடாது என்றார். பிறகு, வேலை நிரந்தரம் என்றார்.

வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் சொன்னேன். எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல வேளைங்க, கிளாஸ்ல நீங்க உருளைக்கிழங்க வெச்சி சொல்லிக் குடுக்கல."

ஆக, இத்தனை வருஷம் பாடம் நடத்தியவன் இப்போது மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன், முதலாளி மட்டும் இதை வேலை என்றே நம்பிக்கொண்டிருக்க வேண்டும்.